காளவாய் குழு கல் நட்ட வரலாறு

உலக இசையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இனி அதை இரண்டே பாகமாகப் பிரித்தால் போதும். பெரம்பலூருக்கு முன், பெரம்பலூருக்குப் பின். லண்டன், நியூயார்க் முதலிய ஊர்களுக்குப் பின்னிணைப்பில் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். பாவம், அந்த ஊர்க்காரர்களும் தங்களால் ஆனதைச் செய்துதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மாபெரும் பிரிவினையைச் சாதித்தது, சுண்ணாம்புச் சூளையின் பெயரைத் தாங்கிய 'காளவாய்' என்னும் பரிசோதனை ராக் இசைக்குழு. குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசிப்பவரும் சிந்திப்பவரும் ராஜராஜன். அப்பாவுக்குப் பெரம்பலூரில் சிமெண்ட் ஏஜென்சி இருந்ததால் அவருக்குச் சிந்திக்க நேரம் இருந்தது. டிரம்ஸ் அறிவரசன். அரியலூரில் டூவீலர் மெக்கானிக் என்பதால் அவனுக்கு நேரம் இல்லை. மூன்றாவது ஆள் சுவாதி. தினமும் செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் வந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். குழுவின் வளர்ச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒரே தடை இந்தச் சுவாதிதான். அவளுக்கு நன்றாகப் பாட வரும்.

போதாக்குறைக்கு அவளிடம் சொந்தமாக ஒரு பாட்டும் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் தானே கட்டிய பாட்டு. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நல்ல மைக்கில் பாட வேண்டும், அது நாலு பேர் காதில் விழ வேண்டும். வேறு ஆசை அவளுக்குக் கிடையாது. இவ்வளவு சின்ன ஆசை என்பதால்தான் குழுவுக்கு அதைத் தள்ளிப்போடுவது சுலபமாக இருந்தது.

முதல் ஆல்பத்துக்குப் பெயர் 'தூசி'. ராஜராஜனின் அப்பாவுடைய சிமெண்ட் குடோனில், மூட்டைகளுக்கு நடுவே பதிவானது. எட்டுப் பாட்டு. எட்டையும் சுவாதி பாடினாள். அவளுடைய பாட்டு ஒன்பதாவது. அதைப் பாட வாயைத் திறந்த நேரம் குடோனுக்கு லோடு வந்துவிட்டது.

"அடுத்த ஆல்பத்துல உன் பாட்டுதான் மொதப் பாட்டு" என்றார் ராஜராஜன். சுவாதி நம்பினாள். நம்புவதற்கு அப்போது காரணம் இருந்தது, அவர் அன்றைக்கு இன்னும் விமர்சனம் படித்திருக்கவில்லை.

விமர்சனம் மறு மாதம் வந்தது. சென்னையில் இருந்துகொண்டு இணையத்தில் எழுதும் ஒரு விமர்சகர், 'தூசி'யைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தார். பாட்டுகள் "கேட்கும்படி இருப்பது ஏமாற்றம் தருகிறது" என்று வருத்தப்பட்டிருந்தார். ஆனால் ஆறாவது பாட்டின் பின்னணியில், குடோன் வாசலில் லோடு லாரி பின்னுக்கு வரும்போது எழுப்பிய "பீங்... பீங்..." சத்தம் அவரை உலுக்கிவிட்டது. "இந்நூற்றாண்டின் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை" என்று அதை வர்ணித்திருந்தார்.

ராஜராஜன் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எழுந்தபோது அவர் வேறு மனிதர். "லாரிய நாம கவனிக்காம விட்டுட்டோம்" என்றார் தழுதழுத்த குரலில்.

"லாரி நல்லா பாடுச்சுன்னு எழுதியிருக்காங்களாண்ணே?" என்று கேட்டாள் சுவாதி.

"உனக்குப் பொறாமை வரக் கூடாது. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

இரண்டாவது ஆல்பம் ஆலத்தியூர் சாலையோரம் பதிவானது. பெயர் 'ரிவர்ஸ்'. சிமெண்ட் லாரிகள் போகும்போதும் வரும்போதும் சும்மா நிற்கும்போதும் அவற்றின் கருத்துகள் பதிவு செய்யப்பட்டன. சுவாதி பாடியதை முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டார்கள். அட்டையில், 'குரல் (தலைகீழாக): சுவாதி' என்று மரியாதையாகப் போட்டிருந்தது. அவளுடைய அம்மா கேட்டுவிட்டு, "தொண்டையில ஏதாச்சும் சிக்கிக்கிச்சாடி? டாக்டர்கிட்ட காமிச்சியா?" என்று பதறினாள். அந்த அம்மாளுக்கு நவீன இசைப் பரிச்சயம் போதாது.

தன் பாட்டைச் சுவாதி ஞாபகப்படுத்தினாள். ராஜராஜன் அவள் தோளுக்கு மேலே தூரத்தில் பார்த்தார். "அந்தப் பாட்டுல ட்யூன் இருக்கு சுவாதி. வார்த்தை வேற இருக்கு. ரெண்டையும் எடுத்துட்டுக் கொண்டா, கண்டிப்பா பண்ணுவோம்" என்றார்.

மூன்றாவது ஆல்பம் 'மூச்சு'. இதில்தான் குழு தன் முதிர்ச்சியை எட்டியது என்பது ஆய்வாளர்களின் ஒருமித்த கருத்து. ஆய்வாளர்கள் என்றால் மேற்படி விமர்சகர். சுவாதி ஒவ்வொரு பாட்டைத் தொடங்குமுன்பும் இழுக்கும் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு வந்த பாட்டையெல்லாம் ராஜராஜன் வெட்டி எறிந்துவிட்டார்.

"பாடுறதுக்கு முன்னாடி நீ எடுக்குற மூச்சு இருக்கே, அதுதான் பாட்டு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் வெறும் விளக்கவுரை" என்று அவளுக்குப் புரியவைத்தார்.

'மூச்சு' வெளியானதும் அரியலூர் நண்பர் ஒருவர் அறிவரசனுக்குப் போன் செய்து, ஆஸ்துமாவுக்குக் கைகண்ட மருந்து ஒன்றைச் சொன்னார். அறிவரசனுக்கு அந்த ஆல்பத்தில் வேலையே இல்லை. அவன் டிரம்ஸ் குச்சியைக் கையில் எடுத்து, அடிக்கலாமா என்று யோசித்து, கீழே வைத்ததை ராஜராஜன் 'தாளம்' என்று ஏற்றுக்கொண்டார்.

சுவாதிக்குக் கோபம் வராமல் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் தேடினாலும் அந்த மைக் மாதிரி மைக் கிடையாது. மைக் ராஜராஜனுடையது. அதனால் மறுபடியும் இரண்டு பஸ் மாறி வந்தாள்.

நான்காவது ஆல்பத்துக்கான கூட்டம் குடோனில் நடந்தது. ராஜராஜன் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தீர்மானங்களை முன்மொழிந்து, தானே வழிமொழிந்தார்.

"இனிமே சத்தமே கெடையாது. முக்கால் மணி நேரம் சுத்த மௌனம். ஒரே ஒரு காப்பி. அதை மண்ணுல பொதைக்கிறோம். நம்ம அரியலூர் மண்ணுல கோடி வருசத்துக்கு முந்துன சிப்பியெல்லாம் கல்லாக் கெடக்குல்ல? அந்த மாதிரி நம்ம ஆல்பம் கெடக்கும். எதிர்காலத்துல யாராவது தோண்டி எடுத்துக் கேப்பாங்க."

"கேட்டா ஒண்ணும் கேக்காதேண்ணே" என்றாள் சுவாதி.

"அதுதான் ஆல்பம்!"

"தலைவரே, அப்ப எனக்கு என்னா வேலை?" என்றான் அறிவரசன்.

"குழி தோண்டணும்."

மௌனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவானது. சுவாதி மைக் முன்னால் நின்று பாடாமல் இருக்க வேண்டும். மூச்சுகூடக் கேட்கக் கூடாது, அது பழைய ஆல்பத்தின் பாணி. 'இல்லாமை: சுவாதி' என்று அட்டை முன்கூட்டியே அச்சாகி வந்திருந்தது. காலையிலிருந்து பாடாமல் இருந்து பாடாமல் இருந்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மத்தியானம் ராஜராஜன் சாப்பிட வீட்டுக்குப் போனார். மைக் ஆனில் இருந்தது. சுவாதி லேப்டாப்பில் புதுப் பதிவு ஒன்றைத் தட்டிவிட்டு அறிவரசனைப் பார்த்தாள்.

"அறிவண்ணே, மூடையில லேசா தட்டுறீங்களா?"

அறிவரசன் சிமெண்ட் மூட்டைகளில் விரலால் தட்ட ஆரம்பித்தான். இத்தனை நாளாக அடிக்காமல் வைத்திருந்த தாளமெல்லாம் அந்த விரலில் இறங்கியது. சுவாதி தன் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாடினாள். பாடி முடித்ததும் இரண்டு பேரும் திருடர்களைப் போல வாசலை எட்டிப் பார்த்தார்கள்.

ராஜராஜன் திரும்பி வந்து, "பதிவானதைப் பென்டிரைவ்ல ஏத்து சுவாதி. அதெல்லாம் கைவேலை, நான் செய்யக் கூடாது" என்றார். திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று மௌனம், ஒன்று பாட்டு. கோடி வருசத்துக்கு மண்ணுக்குள் கிடக்கப்போவது எதுவானால் என்ன? யாரும் கேட்கப்போவதில்லை, மண்ணாவது கேட்கட்டுமே என்று பாட்டை மட்டும் ஏற்றிவிட்டாள். ராத்திரிக்குள் போனில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் ராஜராஜன் கொள்கையில் கறாரானவர். 'ஒரே காப்பி' என்றால் ஒரே காப்பிதான் என்று, கண்ணெதிரிலேயே லேப்டாப்பில் இருந்த அத்தனையையும் தன் கையாலேயே அழித்தார். கைவேலைதான், ஆனாலும் அழிப்பது என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. சுவாதியின் பாட்டு இனி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது கட்டைவிரல் அளவு இருந்தது. அதைத்தான் மறுநாள் புதைக்கப்போகிறார்கள்.

செந்துறைக்கு இந்தப் பக்கம் ஓடைக்கொல்லை என்று ஒரு சிற்றூர். அங்கே ஓர் ஓடைக்கரை, பக்கத்தில் பூங்காவனம் என்கிற அம்மாளின் முந்திரிக்கொல்லை. குழு அங்கே போய் இறங்கியது. வீடியோவில் எடுப்பாக இருக்கும் என்று மூன்று பேருக்கும் மஞ்சள் ஹெல்மெட். இடம் மறந்துவிடாமல் இருக்க, முந்திரி மரத்திலிருந்து டேப் பிடித்து அளந்தார்கள். பென்டிரைவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, அறிவரசன் தோண்டிய குழியில் வைத்து மூடினார்கள். மேலே ஒரு கருங்கல்லை நட்டு, மஞ்சள் பெயிண்டால் 'கா - 4' என்று எழுதினார் ராஜராஜன். காளவாய், நான்காம் ஆல்பம்.

கொல்லையில் முந்திரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பூங்காவனம் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

"என்னா தம்பி பண்றீங்க?"

ராஜராஜன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். "எதிர்காலத்துக்காக ஒரு வேலைம்மா. பாத்துக்கிட்டே இருங்க, இந்த இடமே மாறப்போவுது!"

சுண்ணாம்புக்கல் பூமியில் வாழ்கிற எவரிடமும் இதைவிடப் பயங்கரமான ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாது. மஞ்சள் ஹெல்மெட் போட்டவன் டேப் பிடித்து அளந்து கல் நட்டால், அடுத்து சுரங்கம், அதற்கடுத்து கொல்லை கையை விட்டுப் போகும் என்பது அங்கே நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். பூங்காவனம் கூடையைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். "கொல்லையில கல்லு நட்டுட்டுப் போறானுவோ! கா நாலாம்! அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணு எங்க நட்டானுவோன்னு தேடுங்கப்பா!"

ஊரே கா-1, கா-2, கா-3 கற்களைத் தேடியது. வரப்பு, ஓடை, சுடுகாடு எதையும் விடவில்லை. கிடைக்கவில்லை. கிடைக்காததே சதிக்குச் சாட்சி என்று முடிவாகி, மறுநாள் காலையில் செந்துறை - அரியலூர் சாலையில் மறியல்.

மறியலில் நின்ற முதல் பஸ்ஸில் சுவாதி இருந்தாள். இறங்கிப் போய் விசாரித்தவளுக்கு விஷயம் புரிந்தது. ராஜராஜனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நம்ம கல்லால இங்க பஸ்ஸெல்லாம் நிக்குது."

"பஸ்ஸே நின்னுடுச்சா?" ராஜராஜனின் குரலில் ஆனந்தம் பொங்கியது. "ஆல்பம் அதுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு!"

"இல்லண்ணே, ஊர்க்காரங்க கோவமா..."

"கோவம்தான் வேணும்! நல்ல கலைன்னா கோவம் வரணும். நான் வர்றேன்."

அறிவரசனையும் அள்ளிப் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கினார். சாலையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். இதுவரை அவர் கண்ட ரசிகர் கூட்டத்தில் பெரியது நாற்காலி எடுத்துப்போட வந்தவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர். கண் கலங்கியது. இரண்டு கையையும் உயரத் தூக்கி, "கல்லு நட்டது நான்தான்!" என்று அறிவித்தார்.

இன்ஸ்பெக்டர் அமிர்தவல்லி மட்டும் குறுக்கே பாய்ந்திராவிட்டால் தமிழ்நாட்டின் பரிசோதனை இசை அன்றோடு முடிந்திருக்கும்.

"எந்தக் கம்பெனி ஆளுய்யா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கம்பெனி இல்ல மேடம், காளவாய்."

"பாத்தீங்களா! காளவாய் போடப் போறானுவோ!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும்பியது.

இன்ஸ்பெக்டர் கொல்லைக்கு ஆள் அனுப்பிக் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அடியில் இருந்த டப்பாவும் சாலைக்கு வந்து சேர்ந்தது. டேப்பைப் பிரித்துத் திறந்தால் உள்ளே பென்டிரைவ். பூங்காவனம் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "அளந்த அளவையெல்லாம் இதுலதான் ஏத்தி வச்சிருக்கானுவோ மேடம். எங்க முன்னாடியே போட்டுக் காட்டச் சொல்லுங்க."

"அதுல ஒண்ணுமே இல்லம்மா" என்றார் ராஜராஜன் பெருமிதமாக.

"ஒண்ணும் இல்லாததுக்கா டப்பாவுல போட்டு, டேப்பு சுத்தி, குழி வெட்டிப் பொதச்ச?"

"ஒண்ணுமில்லாததை உருவாக்கறதுக்கு நாலு வருசம் ஒழச்சிருக்கேம்மா நான்!"

"அடப்பாவி" என்றாள் பூங்காவனம், நிஜமான இரக்கத்துடன். "வூட்ல கேக்க ஆள் இல்லியா?"

மறியலுக்கு வாடகைக்கு வந்திருந்த மைக் செட் ஆட்டோ ஓரமாக நின்றது. அதன் சொந்தக்காரர் பாவாடை, "பென்டிரைவுதான? நம்ம வண்டியில போடலாங்க" என்று முன்வந்தார். சுவாதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். போட்டால் குட்டு உடையும். போடாவிட்டால் இந்தப் பென்டிரைவ் போலீஸ் பீரோவுக்குப் போய் அங்கேயே கிடந்து சாகும். போடட்டும் சாமி, போட்டுத் தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஜராஜன் மட்டும் மலர்ந்த முகத்தோடு கையைக் கட்டிக்கொண்டார். "எல்லாரும் அமைதியா கேளுங்க. முக்கால் மணி நேரம் ஆகும்."

கூம்பு ஸ்பீக்கர் இரண்டு முறை கரகரத்தது. முதலில் மூட்டையில் விரல் தட்டும் தாளம். அப்புறம் குரல்.

"லாரி போன தூசிக்குள்ள
எம் பஸ்ஸு எங்க காணலியே
ஏறி உக்கார எடமிருந்தா
எட்டு ஊரு தாண்டுவனே
எறக்கி வுடாத கண்டக்டரே
என் ஊரு இன்னும் வரலியே..."

சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். விசிலை வாயில் வைத்திருந்த கண்டக்டர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அட, நம்ம காலையில வர்ற பஸ்ஸத்தான் பாடுதுடி" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். பாட்டு முடிந்தது. யாரும் கேட்காமலேயே பாவாடை மறுபடியும் போட்டார். இரண்டாவது தடவை நாலைந்து பேர் கூடவே முணுமுணுத்தார்கள். மூன்றாவது தடவைக்குள் பாதிப் பேர் போனில் பதிந்துகொண்டுவிட்டார்கள்.

சுவாதி அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாளும் வீட்டில் போய் அழுதவள், இப்போது நடுரோட்டில், வெயிலில், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இதுல அளவு ஒண்ணும் இல்லியே மேடம்" என்றாள் பூங்காவனம். "பாட்டுதான் இருக்கு. யாரு வூட்டுப் புள்ள இது, இம்மாம் நல்லா பாடுது?"

அறிவரசன் சுவாதியைக் கைகாட்டினான். பெண்கள் எழுந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் முகவாயைப் பிடித்துப் பார்த்தாள். "செந்துறைப் பொண்ணா? நம்ம பஸ்லதான் தெனம் வர்றியா? இத்தினி நாளா வாயே தொறக்காம எங்க கெடந்த நீ?" என்று உரிமையோடு சண்டை பிடித்தாள்.

இங்கே நாம் ராஜராஜனின் முகத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மாபெரும் கலைஞனின் வாழ்நாள் உழைப்பு கூம்பு ஸ்பீக்கரில் அம்மணமாகிக் கொண்டிருந்தது. அதில் ட்யூன் இருந்தது. வார்த்தை இருந்தது. ஜனங்களுக்குப் பிடித்தும் இருந்தது. அவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் நேர வழியில்லை. இந்தச் செய்தி சென்னை விமர்சகருக்குப் போனால் என்ன ஆவது? அவர் நான்காம் ஆல்பத்தைக் கேட்காமலேயே, 'இதுவரை கேட்டவற்றில் சிறந்தது' என்று எழுதி முடித்து வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அமிர்தவல்லி ராஜராஜன் பக்கம் திரும்பினார். "இந்தாப்பா, உண்மையச் சொல்லு. இது உன் ஆல்பமா?"

"ஐயையோ, இல்ல மேடம்!"

"உன் குழு, உன் டப்பா, உன் கல்லு. பாட்டு மட்டும் எப்படி உன்னுது இல்லாம போகும்? நீதான பாடச் சொல்லியிருப்ப?"

"சத்தியமா இல்ல மேடம்!" ராஜராஜன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி முழங்கினார். "யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நான் தலைவனா இருந்து ஆரம்பிச்ச நாள்லேருந்து, இந்தப் பொண்ண அவ சொந்தப் பாட்டு ஒரு வரிகூடப் பாட வுட்டதே கெடையாது!"

சாலை நிசப்தமானது. அவர் நாலு வருசமாகத் தேடிய சுத்தமான மௌனம் அதுதான். பூங்காவனம் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

"கல்லு நட்ட கேஸு கெடக்கட்டும் மேடம். மொதல்ல இத எழுதச் சொல்லுங்க."